இரண்டு பஸ் தூரம்

கேம்பல் லேனுக்குச் சாம்பிராணி வாங்கப் போயிருந்தேன். பூக்கடை ஒன்றின் முன்னால் ஒரே நிறத்தில் டி-ஷர்ட் போட்ட இளையர் கூட்டம். பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான அறிமுக வார விளையாட்டாம். தேக்கா வட்டாரத்தைச் சுற்றி வந்து, சொன்ன வேலைகளை முடித்தால் குழுவுக்குப் புள்ளி. கடையில் இருக்கும் பூக்களின் பெயரைக் கேட்டு எழுத வேண்டும். யாராவது ஒரு சாண் பூக் கட்டிக் காட்டினால் கூடுதல் புள்ளி. உயரமான சீனப் பையன் ஒருவன் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு மல்லிகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கடைக்கார அக்கா, "பல்லுல கடிக்காத தம்பி, சாமிக்குப் போற பூ" என்று தமிழிலேயே அதட்டினார். அவனும் புரிந்தவன்போல வாயைத் திறந்து நூலை விட்டான்.

கூட்டத்தின் ஓரமாக நின்ற பெண் மரிக்கொழுந்துக் கட்டு ஒன்றை எடுத்து முகர்ந்துவிட்டு அடுத்தவளிடம் நீட்டினாள். எனக்கும் கொஞ்சம் வாசம் வந்தது. மரிக்கொழுந்து என்றால் ஊருக்கெல்லாம் கோயில் ஞாபகம் வரும். எனக்கு வருவது குளிரூட்டிய விரிவுரை மண்டபம்.

1985 ஜூலை. அப்பாவின் பூக்கடை பஃபலோ ரோட்டு அஞ்சடியில் இருந்தது. வீடு ரோவல் ரோட்டில், மூவறை வீவக வீடு. விடியற்காலையில் கடைக்கு வந்து உட்கார்ந்தால் ஏழு மணி வரை அம்மாவோடு மாலை கட்டுவேன். கோயில்களுக்குப் போக வேண்டியவை போன பிறகு கையைக் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓட வேண்டும். எத்தனை சோப்புப் போட்டாலும் மரிக்கொழுந்து விரலைவிட்டுப் போகாது. ஒன்பது மணி விரிவுரையில் பேனாவைக் கையில் எடுத்தால் மூக்கருகே வந்து நிற்கும். முன்னால் பேராசிரியர், அவருக்குப் பின்னால் ஓஎச்பி வெளிச்சத்தில் ஒரு வரைபடம், எனக்கு மட்டும் மரிக்கொழுந்து. முந்நூறு பேர் உட்கார்ந்திருந்த அந்தக் குளிரில் எனக்குப் பழக்கமானது அது ஒன்றுதான்.

சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தையும் நன்யாங் பல்கலைக்கழகத்தையும் இணைத்து 1980இல் உருவானது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம். நான் சேர்ந்தபோது கென்ட் ரிட்ஜ் குன்றில் கட்டடங்களுக்கு இன்னும் புதுக்கருக்கு மாறவில்லை. அன்று நாட்டில் பல்கலைக்கழகம் என்ற பெயரோடு இருந்தது அது ஒன்றே. ஜூரோங்கில் நன்யாங் தொழில்நுட்பக் கழகம் பொறியாளர்களை உருவாக்கிக்கொண்டிருந்தது. அதுவும் பல்கலைக்கழகமானது 1991இல்தான். கலைப்புல மாணவர்கள் முதலாண்டில் மூன்று பாடங்கள் எடுக்க வேண்டும். நான் பொருளியல், வரலாறு, சமூகவியல் எடுத்தேன். ஏன் அந்த மூன்று என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. நல்லவேளை, கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

தேக்காவிலிருந்து புக்கிட் தீமா சாலையில் ஒரு பஸ், கிளமெண்டி ரோட்டில் இறங்கி இன்னொரு பஸ். எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்கியது 1987 நவம்பரில், அதுவும் இயோ சூ காங்கிற்கும் தோ பாயோவிற்கும் நடுவே. கென்ட் ரிட்ஜில் நிலையம் வர 2011 ஆயிற்று. இன்று லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறி, பொட்டானிக் கார்டன்ஸில் மாறினால் ஒரு தே குடிக்கிற நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலில் போய்ச் சேரலாம். எங்கள் காலத்தில் பெரிய கால்வாயை ஒட்டியே பஸ் போகும். மழை கொட்டினால் கால்வாய் எது, சாலை எது என்று தெரியாது. பழைய புக்கிட் தீமா வளாகத்தைக் கடக்கும்போது மேல்தட்டிலிருந்து எட்டிப் பார்ப்பேன். 1929இல் ராஃபிள்ஸ் கல்லூரியாகத் திறக்கப்பட்ட இடம். வளைவுகளும் புல்வெளியுமாக, சினிமாவில் காட்டுகிற கல்லூரி மாதிரியே இருக்கும். நான் படிக்கப் போகிற காலம் வந்தபோது அதை ஆசிரியர் பயிற்சிக்குக் கொடுத்துவிட்டு, பல்கலைக்கழகத்தை மேடும் படியுமான குன்றுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு அதில் சிறு வருத்தம்தான்.

அந்த ஆண்டைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்று உண்டு. வெளியூர் போய்ப் படிக்கிற பிள்ளையை ஊரே வழியனுப்பும். பெட்டி வாங்குவார்கள், ஊறுகாய் கட்டுவார்கள், விமான நிலையத்தில் அழுவார்கள். இரண்டு பஸ் ஏறிப் போகிறவளை யார் வழியனுப்புவது? நான் எங்கேயும் போகவில்லை என்றே வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். காலையில் பூக்கட்டினேன், இரவு சாப்பாட்டுக்கு வந்துவிட்டேன். நடுவில் பத்து மணி நேரம் நான் இருந்த இடம் அவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடம், கொஞ்சம் பெரியது, அவ்வளவே. "இன்னைக்கு ஸ்கூல் எத்தன மணிக்கு முடியும்?" என்று அம்மா நான் பட்டம் வாங்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா கேட்டதும் ஒரே கேள்விதான். சேர்க்கைக் கடிதம் வந்த அன்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அங்க தமிழ் இருக்காம்மா?" என்றார். சீனம் இருந்தது, மலாய் இருந்தது, ஜப்பானியம்கூட இருந்தது. தமிழ் பாடமாக இல்லை என்றேன். மடித்துக் கொடுத்துவிட்டு வாளித் தண்ணீரில் ரோஜாவை எடுத்துப் போடப் போய்விட்டார்.

அந்தக் கேள்வியின் வேர் பிறகுதான் தெரிந்தது. ஐம்பதுகளில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். மலாயாப் பல்கலைக்கழகம் அப்போது சிங்கப்பூரில் இருந்தது. அதில் இந்திய இயல் துறை வரும்போது தமிழுக்கு இடம் வேண்டும், தமிழ் நூல்கள் வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். துறைமுகத் தொழிலாளிகளும் கடைச் சிப்பந்திகளும் கொடுத்த காசு அது. பூக்கடையில் எடுபிடியாக இருந்த அப்பா ஒரு வெள்ளி கொடுத்திருக்கிறார். ஒரு வெள்ளி அவருக்கு எத்தனை வேளைச் சாப்பாடு என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. துறை வந்தது, சில ஆண்டுகளில் கோலாலம்பூருக்குப் போய்விட்டது. தனிநாயக அடிகள் பின்னர் அங்கேதான் துறைத்தலைவரானார். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்ததும் அங்கேதான். அப்பாவின் வெள்ளியும் கூடவே எல்லை தாண்டிப் போனது. அவர் அதைக் குறையாகச் சொன்னதில்லை. மகள் அந்தப் பக்கம் போகிறாளே, ஒருவேளை திரும்பி வந்திருக்குமோ என்று பார்த்திருக்கிறார்.

விரிவுரைகளில் எனக்குச் சிரமம் இல்லை. முந்நூறு பேரில் ஒருத்தியாக உட்கார்ந்து எழுதிக்கொண்டே போகலாம். பாடநூல் சாமுவேல்சன், புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது. பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் பழைய புத்தகக் கடைகளில் தேடினால் யாரோ அடிக்கோடிட்டு, ஓரத்தில் காதலியின் பெயர் எழுதிய பிரதி கிடைக்கும். நூலகத்தில் அதிகத் தேவையுள்ள நூல்களை இரண்டு மணி நேரத்துக்கு மட்டுமே தருவார்கள். அதற்குள் படித்து முடிப்பவர் யார்? எல்லாரும் நகல் இயந்திரத்தின் முன்னால் வரிசையில் நின்றோம்.

படாத பாடு படுத்தியது டியூட்டோரியல்தான். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு மேசையைச் சுற்றி. விரிவுரையாளர் ஏதோ ஒரு கட்டுரையைப் படித்துவரச் சொல்வார், வந்ததும், "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்பார். பதினெட்டு வயது வரை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பள்ளியில் சரியான விடை கேட்பார்கள். வீட்டில் நூலை எடு, வாளியை நகர்த்து என்பார்கள். பேர்பெற்ற பள்ளிகளிலிருந்து வந்தவர்கள் ஒருவருக்கொருவர் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு, பாதி தெரிந்ததையும் முழுதாகப் பேசினார்கள். எனக்கு ஆங்கிலம் எழுத வரும், வாசிக்க வரும். பேசுவதென்றால் தொடக்கக்கல்லூரியில் தோழிகளோடு பேசிய சந்தை ஆங்கிலம்தான். பஸ்ஸின் மேல்தட்டில் உட்கார்ந்து ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு போவேன். நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். அந்த வாக்கியம் வயிற்றுக்குள்ளேயே வீட்டுக்குத் திரும்பும்.

பினாங்கிலிருந்து வந்த ஒரு சீனப் பெண் எனக்குத் தோழியானாள். விடுதியில் தங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் காசு போடும் தொலைபேசியில் அம்மாவிடம் பேசிவிட்டு அழுவாள். விடுதிப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு மைலோ கலக்கிக் கொடுப்பார்கள். திங்கட்கிழமை அவள் அதை வெட்கத்தோடு சொல்லும்போது எனக்குள் லேசாகப் பொறாமை எட்டிப் பார்க்கும். எனக்கு நினைத்து அழ ஓர் ஊர் இல்லையே! என் ஊர் இரண்டு பஸ் தூரத்தில், தேக்கா சந்தையின் மீன் வாடையோடு அப்படியே இருந்தது. மாலை நேர நாடக ஒத்திகை, இரவுப் பாட்டு, நடுநிசியில் மாகி மீ என்று பல்கலைக்கழகத்தின் பாதி வாழ்க்கை இருட்டிய பிறகுதான் தொடங்கியது. இருட்டுவதற்குள் நான் வீட்டில் இருந்தாக வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவைக் கூட்டங்களைப் பிற்பகலில் வைத்த புண்ணியவான்கள் யாரென்று தெரியாது. அவர்களால்தான் அந்த ஆண்டு நாலு தமிழ் முகங்களைத் தெரிந்துகொண்டேன். அங்கே பேச எனக்கு ஒத்திகை தேவைப்படவில்லை. சில சீனியர்களுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறும். அவர்களுடைய நாடக வசனத்தைச் சரிபார்க்கும் வேலை சீக்கிரமே என்னிடம் வந்து சேர்ந்தது. பூக்கடை எனக்குக் கொடுத்த தமிழ் கொஞ்சம் காரசாரமானது. வில்லனுக்கு நான் எழுதிய வசனங்களுக்கு நல்ல கைத்தட்டல்.

அந்த ஆண்டுதான் பொருளியல் மந்தம் வந்தது, சுதந்திரத்துக்குப் பிறகு முதல் தடவையாக. டிசம்பரில் பான்-எலெக்ட்ரிக் நிறுவனம் கவிழ்ந்து பங்குச்சந்தையை மூன்று நாள் மூடிவைத்தார்கள். பாடப்புத்தகத்தில் படிப்பது நாளிதழிலும் வந்தால் விரிவுரையாளர்களுக்கு உற்சாகம் தாங்காது. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய ஓர் இளம் விரிவுரையாளர் டியூட்டோரியலில் கேட்டார்: வருமானம் குறைந்தால் மக்கள் எதை முதலில் குறைப்பார்கள், எதைக் குறைக்கவே மாட்டார்கள்? கார், வெளிநாட்டுப் பயணம், உப்பு, அரிசி என்று வழக்கமான பதில்கள் வந்தன. நான் எதையும் தயார் செய்து வந்திருக்கவில்லை.

"சாவு மாலை குறையாது" என்றேன்.

மேசை ஒரு கணம் அமைதியாகிவிட்டு வெடித்துச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மேலே சொல்லச் சொன்னார். கல்யாண மாலை மெலிந்துகொண்டு வருகிறது, ரோஜாவுக்குப் பதில் சாமந்தி கேட்கிறார்கள், வெள்ளிக்கிழமை ஒரு முழம் வாங்கியவர்கள் அரை முழம் வாங்குகிறார்கள், ஆனால் இறந்தவருக்கு வாங்கும் மாலையில் யாரும் பேரம் பேசுவதுகூட இல்லை என்றேன். இலக்கணம் எத்தனை இடத்தில் சறுக்கியதோ. அவர் எழுந்து பலகையில் இரண்டு கோடுகள் வரைந்தார். ஒன்று கல்யாணம், ஒன்று கருமாதி. கருமாதிக் கோடு செங்குத்தாக நின்றது. "உங்கள் அப்பா இந்த மாதம் எந்தப் பூவைக் கூடுதலாக வரவழைப்பார்?" என்று கேட்டார். அன்று மாலை அப்பாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "சாமந்திதான். இதுக்கு எதுக்கு யூனிவர்சிட்டி?" என்றார்.

அதன் பிறகு டியூட்டோரியலில் பூக்காரர் மகள் என்று பெயர் வந்துவிட்டது. எனக்கு அது பிடித்திருந்தது. அவர்களுக்கெல்லாம் பள்ளிப் பட்டப்பெயர் இருந்தது, எனக்கும் ஒன்று வேண்டாமா?

அக்காலத்தில் ஆண்டு முழுதும் படித்ததற்கு ஆண்டின் கடைசியில் ஒரே தேர்வு. சறுக்கினால் ஆண்டே போச்சு. தொண்ணூறுகளில்தான் பருவமுறை வந்தது. அந்த ஒரே தேர்வுக்கு விழுந்து விழுந்து படிக்க வேண்டிய வாரங்களில், ஜனவரி கடைசியில், தைப்பூசம் வந்து நின்றது. சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோட்டு முருகன் கோயில் வரை காவடிகள் போகும் நாள். பூக்கடைக்காரர்களுக்குத் தீபாவளியைவிடப் பெரியது அதுதான். இரண்டு நாள் முன்பிருந்தே தூக்கம் கிடையாது.

"பரீட்சை வருதுப்பா" என்றேன்.

"முருகனுக்கு வருஷத்துல ஒரு நாளும்மா."

"எனக்கும் வருஷத்துல ஒரு தடவதான்பா."

அப்பா யோசித்தார். அம்மாதான் வழி கண்டுபிடித்தார். உயர்நிலை இரண்டில் இருந்த என் தம்பியை எதிரில் உட்காரவைத்து, என் குறிப்புகளைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். நான் கட்டிக்கொண்டே கேட்க வேண்டும். இரவு முழுதும் அவன் உளறிக் கொட்டிக்கொண்டு வாசித்தான். மால்தூசியன் என்ற சொல்லை அவன் உடைத்த விதத்தில் பூ வாங்க வந்தவர்களே சிரித்தார்கள். காவடிக்கு மாலை வாங்க வந்த பெரியவர் ஒருவர் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, "தேவாரம் மாதிரி இல்லையே தம்பி, என்ன பாட்டு?" என்றார். மக்கள்தொகைக் கோட்பாடு எனக்கு இன்றும் தம்பியின் குரலில்தான் நினைவிருக்கிறது.

மார்ச் 15ஆம் தேதி, சனிக்கிழமை முற்பகல், சிராங்கூன் ரோடும் ஓவன் ரோடும் சந்திக்கும் முனையில் ஹோட்டல் நியூ வோர்ல்ட் இருந்த ஆறுமாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அடுத்த சில நாள்கள் அபாயச் சங்கும் பாரந்தூக்கிகளுமாக இருந்தது. எம்ஆர்டி சுரங்கம் தோண்ட வந்திருந்த வெளிநாட்டுப் பொறியாளர்களும் இறங்கி இடிபாடுகளுக்கு அடியில் வழி குடைந்தார்கள். பதினேழு பேரை உயிரோடு மீட்டார்கள். 33 பேர் இறந்துபோனார்கள். அப்பாவின் கடையில் அந்த வாரம் எந்த மாலை அதிகம் போனது என்று சொல்லத் தேவையில்லை. பலகையில் அந்தக் கோடு வரைந்தபோது நானும் கடைசியில் எல்லாரோடும் சேர்ந்து சிரித்திருந்தேன்.

சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. பினாங்குத் தோழி, விடுதித் தொலைபேசியிலிருந்து. "சிராங்கூன் ரோடு என்று செய்தியில் சொன்னார்கள். உன் வீடு அங்கேதானே? நன்றாக இருக்கிறாயா?" என்று மூச்சுவிடாமல் கேட்டாள். காசு தீர்ந்து இணைப்பு அறுபடும் வரை பேசினோம். யாரென்று அம்மா கேட்டார். ஸ்கூல் தோழி என்றேன். "அவ்வளவு தூரத்துலேருந்தா?" என்று ஆச்சரியப்பட்டார். பினாங்கிலிருந்து பேசுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். நான் திருத்தவில்லை.

என் தம்பி மகள் இப்போது அதே பல்கலைக்கழகத்தில் முதலாண்டு. பிடோக்கில் வீடு, ஆனாலும் பல்கலைக்கழக நகரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். 2011இல் திறந்த இடம் அது. பெட்டி படுக்கையோடு தம்பி காரில் கொண்டுபோய் விட்டான். அவன் மனைவி கொஞ்சம் அழுததாகக் கேள்வி. முதற்பருவத்தில் வாங்கும் மதிப்பெண் சரியில்லை என்றால் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடலாமாம். புதிதாக வருகிற பிள்ளைகள் பழகிக்கொள்ள அவகாசம் வேண்டும் என்று 2014 முதல் அந்தச் சலுகை. "அப்போ எங்களுக்கெல்லாம் பழகிடுச்சுன்னா நெனச்சாங்க?" என்று தம்பியிடம் கேட்டேன். நீ பழகிக்கொண்ட ஆண்டில் தூக்கம் போனது எனக்குத்தான், சாமுவேல்சனை நான்தான் படித்தேன் என்றான்.

அந்த ஒரே தேர்வில் நான் தேறினேன், சுமாராக. பொருளியலில் மட்டும் கொஞ்சம் நல்ல மதிப்பெண். அடுத்த ஆண்டு தமிழ்ப் பேரவை விழாவுக்கு விருந்தினர் மாலைகள் வேண்டும் என்றபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாவே கொண்டுவந்தார். தெரிந்தவர் வேன் ஒன்றைப் பிடித்து, மாலைகளை வாழையிலையில் சுற்றி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. கென்ட் ரிட்ஜில் அவர் காலடி பட்டது அன்றுதான். வழி தெரியாமல் மூன்று கட்டடம் சுற்றி, காவலாளியிடம் மலாயில் கேட்டு, மேட்டில் ஏறி வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு சற்று நின்றார். கீழே பாசிர் பாஞ்சாங் பக்கம் கடலும் கப்பல்களும் தெரிந்தன.

"இம்புட்டுத் தூரமா தெனம் வந்து போன?"

"ரெண்டு பஸ்தான்பா."

"சொல்லவே இல்லையே" என்றார்.

அரங்கில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஒரு பையன் தூய தமிழில் நீளமாக வசனம் பேசினான். அப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுதும் கேட்டார். கிளம்பும்போது பேரவைப் பொருளாளர், சீனியர் மாணவர், மெதுவாகப் பக்கத்தில் வந்து, "அங்கிள், மாணவர் சங்கம், ஏதாச்சும் குறைச்சுப் போடுங்க" என்றார். அப்பா சட்டைப் பையிலிருந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்து, முழங்காலில் வைத்து, மாலை மாலையாக முழு விலையையும் எழுதிக் கூட்டிக் கிழித்துக் கொடுத்தார்.

"எம்மக படிக்கிற எடம், அதனால நூலுக்குக் காசு போடல தம்பி" என்றார்.